நேரலைப் பிழைப்பும் இரண்டாயிரம் டாலர் வரம்பும்

வீடியோ கேம் ஆடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டிப் பணம் ஈட்டும் தொழில் அமெரிக்காவில் வேர்விட்டது 2011-க்குப் பிறகு. அந்த ஆண்டு ஜூனில் ஜஸ்டின்.டிவி என்ற நேரலைத் தளத்திலிருந்து ட்விட்ச் பிரிந்து தனியாக நின்றது. 2014-ல் அமேசான் அதை ஏறத்தாழ 97 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தத் தொழிலில் மாற்றுத்திறனாளிகள் தொடக்கத்திலிருந்தே இருந்துவருகிறார்கள். கழுத்துக்குக் கீழ் உணர்விழந்தவர்கள், பிறவியிலேயே மூட்டுகள் இறுகியவர்கள், பார்வையற்றவர்கள், கிருமித்தொற்றுக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியேற முடியாதவர்கள் எனப் பலருக்கும் இந்த வேலை ஒத்துவந்தது. பேருந்து ஏற வேண்டாம்; சாய்தளம் இல்லாத அலுவலகத்தின் படிகளை எண்ண வேண்டாம்; நேர்காணலில் தன் உடலைப் பார்த்து முகம் மாறும் மேலாளரும் இல்லை. ஒரு கணினி, ஒரு கேமரா, நல்ல இணைய இணைப்பு, உட்கார அல்லது படுக்க ஓர் அறை இருந்தால் கடை திறந்தாயிற்று.

வருமானம் பல சிறு ஊற்றுகளிலிருந்து வருகிறது. பார்வையாளர் மாதச் சந்தா கட்டுவார். அமெரிக்காவில் பல ஆண்டுகள் அது 4.99 டாலராக இருந்தது. பெரும்பாலோருக்கு அதில் பாதி கிடைத்தது, மீதி தளத்துக்கு. "பிட்ஸ்" என்ற தளத்தின் சொந்த நாணயத்தை யாராவது வீசினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்ட். இவற்றோடு நேரடி நன்கொடை, விளம்பரப் பங்கு, கருவி நிறுவனங்களின் ஆதரவு. 2017-ல் ட்விட்ச் சிறு ஒளிபரப்பாளர்களுக்கும் இந்தக் கதவைத் திறந்தது. அப்போது 50 பேர் பின்தொடர வேண்டியிருந்தது. 30 நாள்களில் 500 நிமிடம் ஒளிபரப்ப வேண்டியிருந்தது. அது 7 வெவ்வேறு நாள்களில் அமைய வேண்டியிருந்தது. சராசரியாக 3 பேர் பார்க்க வேண்டியிருந்தது. பொது வேலைச் சந்தையில் ஒருமுறைகூட உள்ளே விடப்படாத ஒருவர், இந்த வரம்பைத் தம் படுக்கையறையிலிருந்தே தாண்டிவிட முடிந்தது. முதல் 50 டாலர் கையில் வந்த நாள் இவர்களில் பலருக்கு வாழ்வின் முதல் சம்பள நாள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த 50 டாலர் 500 ஆவது அரிது. 2021 அக்டோபரில் ட்விட்ச்சின் உள்தரவுகள் கசிந்தபோது பணப் பட்டுவாடாக் கணக்கும் வெளியே வந்தது. கொடுக்கப்பட்ட தொகையில் பாதிக்கு மேல் உச்சியிலிருந்த 1 சதவீதத்தினருக்குப் போயிருந்தது. சினிமாவிலும் இசையிலும் உள்ள அதே கூம்பு வடிவம்தான். மாற்றுத்திறனாளி ஒளிபரப்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தக் கூம்பின் அடிப்பகுதியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது முழுப் பிழைப்பு ஆவதில்லை. உதவித்தொகைக்கு மேல் கிடைக்கும் துணை வருமானம். அந்தத் துணை வருமானமே எப்படி ஆபத்தாகிறது என்பது இந்தத் துறையின் மையச் சிக்கல். அதற்கு முன்பு கருவிகளின் கதையைப் பார்த்துவிட வேண்டும்.

சாதாரண கேம் கன்ட்ரோலர் இரண்டு கைகளும் பத்து விரல்களும் உள்ளவருக்காகச் செய்யப்பட்டது. இரு கட்டைவிரல்கள் இரண்டு குச்சிகளை ஆட்ட, மற்ற விரல்கள் ஒரு டஜனுக்கு மேற்பட்ட பொத்தான்களை அழுத்த வேண்டும். அமெரிக்காவின் மொன்டானாவில் வாழ்ந்த கென் யாங்கெல்விட்ஸ் என்ற விமானத்துறைப் பொறியாளர், கைகால் செயலிழந்தவர்கள் வாயால் இயக்கும் கன்ட்ரோலர்களை 1981 முதல் கையாலேயே செய்து, உதிரிபாகங்களின் விலைக்கே கொடுத்துவந்தார். அவருக்கு வயதாகி, இந்த வேலை அவரோடு நின்றுபோகும் என்ற செய்தியைப் படித்த ஃப்ரெட் டேவிசன் என்ற இன்னொரு பொறியாளர் அதைத் தொடர முன்வந்தார். அப்படிப் பிறந்ததுதான் குவாட்ஸ்டிக். பொதுமக்களிடம் இணையவழி நிதி திரட்டி அதைத் தயாரித்தார். ஒரு பெரிய துறையின் புறக்கணிப்பை இரண்டு மனிதர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தங்கள் பட்டறையில் ஈடுகட்டியிருக்கிறார்கள் என்பது வியப்புக்குரியது. அந்தத் துறைக்குப் பெருமை தருவதல்ல.

குவாட்ஸ்டிக் மேசையில் பொருத்திய ஒரு தாங்கியில் வாய்க்கு எதிரே நிற்கும். நடுவில் உள்ள குச்சியை உதட்டாலும் தாடையாலும் தள்ளினால் திரையில் ஆள் நகரும். அதையொட்டிய துளைகளில் ஊதினால் ஒரு கட்டளை, உறிஞ்சினால் இன்னொன்று. மெல்ல ஊதுவதற்கும் பலமாக ஊதுவதற்கும் தனித்தனிப் பொருள் வைத்துக்கொள்ளலாம். கீழுதட்டின் அசைவை அறியும் உணரி ஒன்றும் உண்டு. துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் நடப்பதற்கு ஒரு குச்சி, குறிபார்க்க இன்னொன்று தேவை. வாய்க்கு இருப்பதோ ஒன்றுதான். எனவே ஒரே குச்சியின் வேலையை நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே ஆட வேண்டும். இதில் நேரலைக்காரருக்கு இன்னொரு சுமையும் சேர்கிறது. நேரலையின் உயிர் பேச்சு. பார்வையாளர் எழுதும் செய்திக்குப் பதில் சொல்ல வேண்டும், சந்தா கட்டியவரைப் பெயர் சொல்லி வரவேற்க வேண்டும். மற்றவர்கள் கையால் ஆடி வாயால் பேசுகிறார்கள். இவர்களுக்கு ஆடுவதும் வாய், பேசுவதும் வாய். இரண்டு ஊதல்களுக்கு இடையே கிடைக்கும் இடைவெளியில் வாக்கியம் முடிந்தாக வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் தாமதமாக வந்தன. மைக்ரோசாஃப்ட் 2018 செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரை 99.99 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது தன்னளவில் ஒரு முழுக் கன்ட்ரோலர் அல்ல, ஒரு சந்திப்புப் பெட்டி. மேலே உள்ளங்கை அகலத்தில் இரண்டு கறுப்பு வட்டப் பொத்தான்கள்; பின்புறம் 19 செருகு துளைகள்; பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு யுஎஸ்பி. காலால் மிதிக்கும் பலகை, தலையால் தட்டும் பொத்தான், தோளில் கட்டும் விசை என அவரவர் உடலுக்கு ஏற்றதை அந்தத் துளைகளில் செருகிக்கொள்ளலாம். அது வந்த அட்டைப்பெட்டியும் கவனித்துச் செய்யப்பட்டது. பொருளைப் பிரிக்கப் பல்லைப் பயன்படுத்தும் நிலை யாருக்கும் வரக்கூடாது என்பது வடிவமைப்பாளர்கள் வகுத்துக்கொண்ட விதி. எனவே ஒட்டுப்பட்டைகளின் முனைகளில் கையோ மணிக்கட்டோ நுழையும் வளையங்கள் வைத்தார்கள். சோனியின் ஆக்சஸ் கன்ட்ரோலர் 2023 டிசம்பரில் வந்தது. இவற்றுக்கெல்லாம் பின்னால் ஏபிள்கேமர்ஸ், பிரிட்டனின் ஸ்பெஷல்எஃபெக்ட் போன்ற தொண்டு நிறுவனங்களின் நெடுங்கால உழைப்பு இருக்கிறது. முதலாவது 2004-லும் அடுத்தது 2007-லும் தொடங்கப்பட்டவை. எந்த உடலுக்கு எந்தக் கருவி பொருந்தும் என்பதை ஒவ்வொருவராகச் சோதித்துச் சேர்த்த அறிவு அவர்களிடம்தான் இருந்தது.

கருவிக்காகக் காத்திருக்காதவர்களும் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய பிரவுன்ஸ்வில் நகரைச் சேர்ந்த மைக் பேகம், பிறவியிலேயே மூட்டுகளும் தசைகளும் இறுகிய உடல்நிலை கொண்டவர். ப்ரோலிலெக்ஸ் என்ற பெயரில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டை விளையாட்டை ஆடினார். சாதாரணக் கன்ட்ரோலரையே முகத்தோடு அணைத்துவைத்து வாயால் பொத்தான்களை இயக்கினார். சுன்-லி என்ற பாத்திரத்தை வைத்து ஆடுபவர்களின் இணையவழித் தரவரிசையில் உலகின் முதலிடத்தை எட்டினார். போட்டிகளுக்கும் போனார், மற்றவர்களுக்கு ஆட்டத்தைக் கற்றும் கொடுத்தார். 2024-ல் காலமானார். சண்டை விளையாட்டுகளின் உலகில் அவரை நினைவுகூர்ந்தவர்கள், சுன்-லியைக் கையாண்ட நுட்பத்தையும் சொல்லி நினைவுகூர்ந்தார்கள். அவர் விரும்பியிருக்கக்கூடிய மரியாதையும் அதுவாகவே இருந்திருக்கும்.

ராக்கி ஸ்டௌட்டன்பர்க் 2006-ல் நேர்ந்த விபத்தால் கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்தவர். குவாட்ஸ்டிக்கை வைத்து ஃபோர்ட்நைட் ஆடி, ஒரே ஆட்டத்தில் 11 எதிரிகளை வீழ்த்தியதற்காகக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றார். லுமினாசிட்டி என்ற மின்விளையாட்டு அணி அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. சாதனைப் பதிவு, செய்தி, அணி ஒப்பந்தம், ஆதரவு நிறுவனங்கள் என்று ஏறும் இந்தப் படிவரிசைதான் சந்தா வருமானத்தை நம்பியிருக்கும் நிலையிலிருந்து ஒருவரை மீட்கிறது.

உடலைக் காட்டாமலும் இந்தத் தொழிலைச் செய்யலாம். ஜப்பானில் 2016-க்குப் பின் பரவிய விடியூபர் முறையில், நிகழ்த்துபவரின் முக அசைவைக் கேமரா உள்வாங்கி, திரையில் ஒரு வரைந்த உருவத்தை அசைக்கும். இந்த முறையின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான அயர்ன்மவுஸ், போர்ட்டோ ரீக்கோவைச் சேர்ந்தவர். உடலில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் போதிய அளவு உற்பத்தியாகாத நோய் அவருக்கு; நுரையீரலும் பாதிக்கப்பட்டுப் பெரும்பாலும் படுக்கையில் இருப்பவர். பாட்டுப் பயிற்சி பெற்ற அந்தக் குரல் 2017-ல் ஒரு சிறு சாத்தான் பொம்மையின் உருவத்தில் நேரலைக்கு வந்தது. 2024 செப்டம்பரில் அவர் நடத்திய தொடர் நேரலையில், சந்தா சேரச் சேர ஒளிபரப்பு நேரமும் நீண்டுகொண்டே போனது. முடிவில் 3,26,252 சந்தாதாரர்களோடு ட்விட்ச் அதுவரை கண்ட மிக உயர்ந்த எண்ணிக்கையை எட்டினார். வருமானத்தில் பாதியைத் தம் நோய்க்கான அறக்கட்டளைக்கு ஒதுக்கினார். சில வாரங்களில் வேறொருவர் அந்தச் சந்தா எண்ணிக்கையை முறியடித்தார். ஆனாலும் உலகின் மிகப் பெரிய நேரலைத் தளங்களில் ஒன்றின் உச்சியில் படுக்கையிலிருந்தபடியே ஒரு பெண் நின்றார் என்பது மாறாது. உச்சியிலும் பிழைப்பு பாதுகாப்பானதல்ல என்பதையும் அவர் கதையே காட்டுகிறது. தமக்கும் அந்த அறக்கட்டளைக்கும் சேர வேண்டிய பெருந்தொகை வரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி 2025 ஜூலையில் தம் முகமையைவிட்டு விலகினார். சில நாள்களில் அந்த முகமையே மூடப்பட்டது.

ஆடுவதிலிருந்து ஆலோசனைக்கு நகர்வது மற்றொரு வழி. வருமானத்தின் நிலைத்தன்மையைப் பார்த்தால் இதுவே மேலானது. கனடாவின் ஸ்டீவ் செய்லர் பார்வைக் குறைபாட்டோடு கேம் ஆடும் காணொளிகளை யூடியூபில் வெளியிட்டுவந்தவர். அமெரிக்காவின் பிராண்டன் கோல் முற்றிலும் பார்வையற்றவர். ஒலியை மட்டும் வைத்து ஆடுவதைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தார். 2020 ஜூனில் வெளியான 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' கேமுக்கு இருவரும் ஆலோசகர்களாக இருந்தார்கள். 60-க்கு மேற்பட்ட அணுகுவசதி அமைப்புகளோடு வந்த அந்தக் கேமைப் பார்வையற்றவர் தொடக்கம் முதல் முடிவு வரை துணையின்றி ஆட முடிந்தது. அந்த அமைப்புகளின் பட்டியலை முதன்முதலாகத் திரையில் திறந்தபோது செய்லர் அழுதுவிட்ட காணொளி பரவலாகப் பார்க்கப்பட்டது. கோல் பின்னர் ஒரு கார்ப் பந்தயக் கேமைப் பார்வையற்றவர் ஓட்டும்படி ஒலிக்குறிப்புகளை வகுக்கவும் உதவினார். அவரும் 2024-ல் மறைந்தார். இணையத்தில் ஈட்டிய பெயர் இவர்களுக்கு விசிட்டிங் கார்டு போல உதவியது. வேலை வேறிடத்தில் கிடைத்தது.

இனி அன்றாடம். ட்விட்ச்சில் ஒரு கேமின் பக்கத்தைத் திறந்தால் அதிகம் பேர் பார்க்கும் நேரலை பெரும்பாலும் மேலே நிற்கும். குறைவானது கீழே போகும். கீழே இருப்பவர் மேலே வர நீண்ட நேரம், நாள்தோறும், குறித்த மணிக்கு வர வேண்டும். நாள்பட்ட நோயாளிக்கு முடியாதது இதுதான். வலி மிகுந்த வாரம், மருத்துவமனையில் கழிந்த மாதம், அதன்பின் சோர்வில் போன இன்னொரு மாதம். அதற்குள் சந்தாக்கள் காலாவதியாகிவிடும். கழுத்துக்குக் கீழ் இயக்கமில்லாத ஒருவரின் வேலைநேரத்தை அவரே தீர்மானிப்பதும் இல்லை. உதவியாளர் வந்து குளிப்பாட்டி, நாற்காலியில் அமர்த்தி, வாய்க்கருவியைச் சரியான உயரத்தில் நிறுத்தி, தலையணிக் கருவியை மாட்டிவிட்டால்தான் நேரலை தொடங்கும். அந்த உதவியாளரின் முறை முடியும் மணிக்குப் படுக்கைக்குத் திரும்பியாக வேண்டும். ஆட்டம் உச்சத்தில் இருந்தாலும் சரி, ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. இந்த உதவியாளரின் சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்விதான் கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

தளங்கள் நடந்துகொண்ட விதமும் பதிவாகியிருக்கிறது. 2019 டிசம்பரில் ஜெர்மனியின் நெட்ஸ்பொலிட்டிக் இதழ், டிக்டாக்கின் உள்விதிகளை வெளியிட்டது. மாற்றுத்திறனாளிகள், முகத்தில் பிறவி அடையாளம் உள்ளவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள் போன்றோரின் காணொளிகள் அதிகம் பேரைச் சென்றடையாமல் தடுக்கும்படி அவை சொல்லின. கேலிக்கு ஆளாவதிலிருந்து அவர்களைக் காப்பதற்காக என்பது காரணம். அது தவறான, தற்காலிக ஏற்பாடு என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. கேலி செய்பவரை விட்டுவிட்டுக் கேலிக்கு ஆளாகக்கூடியவரின் பிழைப்பில் கைவைப்பது பாதுகாப்பு ஆகாது. 2020 செப்டம்பரில் யூடியூப், பார்வையாளர்களே எழுத்துவரி சேர்க்கும் வசதியை நிறுத்தியது. செவித்திறன் குறைந்த படைப்பாளிகள் எதிர்த்தும் பலனில்லை. ட்விட்ச் 2021 மே மாதத்தில் மாற்றுத்திறனாளி என்பது உட்பட 350-க்கு மேற்பட்ட அடையாளச் சொற்களைச் சேர்த்தது. தம்மைப் போன்றவரைத் தேடுபவருக்கு அது உதவியது. அதே கோடையில் தானியங்கிக் கணக்குகள் கூட்டமாகப் புகுந்து வசைபொழிந்தபோது, இலக்கைத் தேடியவருக்கும் அதே சொற்கள் வழிகாட்டின. செப்டம்பர் 1 அன்று பல ஒளிபரப்பாளர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

இவை எல்லாவற்றையும் விடக் கடுமையான தடை அமெரிக்க உதவித்தொகைச் சட்டத்தில் இருக்கிறது. வறுமையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் மாத உதவி தரும் எஸ்எஸ்ஐ திட்டம் 1974 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதைப் பெறுபவரின் சேமிப்பு 1,500 டாலரைத் தாண்டக்கூடாது என்பது அன்றைய விதி. 1989-ல் அது 2,000 ஆனது. அதன்பின் மாறவேயில்லை. கணவன் மனைவி இருவரும் பெறுபவர்கள் என்றால் இருவருக்கும் சேர்த்து 3,000. திருமணமே ஓர் இழப்பு. 1974-ன் 1,500 டாலர் விலைவாசியோடு உயர்ந்திருந்தால் இன்று 10,000 டாலரைத் தாண்டியிருக்கும்.

வருமானக் கணக்கும் இதே பழமையில் நிற்கிறது. மாதம் 300 டாலர் நேரலையில் நிகர வருமானமாகச் சம்பாதிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வேறு வருமானம் இல்லை. அது உழைப்பின் ஊதியம் என்று கொள்ளப்பட்டால் முதல் 85 டாலரைக் கழித்து, மீதியில் பாதியை, அதாவது 107.50 டாலரை, உதவித்தொகையில் பிடிப்பார்கள். அதே 300 டாலர் பரிசு என்று கொள்ளப்பட்டால் முதல் 20 டாலர் மட்டும் தள்ளுபடி. 280 டாலர் போய்விடும். நேரலையில் விழும் நன்கொடை ஊதியமா, பரிசா? ஆட்டத்தைப் பார்த்து மகிழ்ந்தவர் கொடுத்தால் ஒரு பெயர், நாற்காலி உடைந்தது என்று கேட்டு இரங்கியவர் கொடுத்தால் இன்னொரு பெயர். 1972-ல் எழுதிய சட்டம் இந்தக் காட்சியைக் கற்பனை செய்திருக்க வாய்ப்பில்லை. கணினியும் கேமராவும் தொழிற்கருவிகள் என்று சேமிப்புக் கணக்கிலிருந்து விலக்கப்படலாம் என்பது ஓர் ஆறுதல்.

ரசிகர்களின் அன்பே தீங்காகும் நிலை இங்கேதான் வருகிறது. மாதக் கடைசி இரவில், உடைந்த நாற்காலிக்காகப் பார்வையாளர்கள் கூடி 3,000 டாலர் அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பு அளக்கப்படுவது மாத முதல் நாளில். மறுநாள் காலை வங்கிக் கணக்கில் அந்தத் தொகை இருந்து, அடுத்தடுத்த மாதங்களின் முதல் நாளிலும் செலவாகாமல் கிடந்தால், அந்த மாதங்களின் உதவித்தொகைக்கு அவர் தகுதி இழக்கலாம்.

பணத்தைவிடப் பெரிய பயம் மெடிக்கெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீட்டை இழப்பது. வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி உடுத்தும் உதவியாளருக்கான செலவை அமெரிக்காவில் பெரும்பாலும் மெடிக்கெய்டுதான் ஏற்கிறது. தனியார் காப்பீடுகள் பொதுவாக ஏற்பதில்லை. சம்பாதிப்பதால் உதவித்தொகை பூஜ்யமானாலும் மெடிக்கெய்டு தொடரலாம் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் அதற்குள்ளும் அந்த 2,000 டாலர் சேமிப்பு வரம்பு அப்படியே நிற்கிறது. வேலை செய்யும் மாற்றுத்திறனாளிகள் கட்டணம் செலுத்தி மெடிக்கெய்டில் சேர வழிசெய்யும் மாநிலங்கள் பல உள்ளன. வரம்புகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. முன்பு வேலை செய்து காப்பீட்டு வரி கட்டியவருக்கான எஸ்எஸ்டிஐ திட்டத்தில் சேமிப்பு வரம்பு இல்லை. ஆனால் 2025-ன் வரம்பின்படி மாதம் 1,620 டாலருக்கு மேல், பார்வையற்றவர் என்றால் 2,700 டாலருக்கு மேல், ஈட்டுபவர் உழைக்கத் தகுதியுள்ளவராகக் கருதப்படலாம். சொந்தத் தொழில் என்றால் எத்தனை மணிநேரம் உழைத்தார் என்பதையும் பார்ப்பார்கள். அதனால் வளர முடிந்தவரும் வளராமல் நிறுத்திக்கொள்வது இந்தத் தொழிலில் ஒரு கணக்கிட்ட முடிவு. சோம்பல் என்று அதைச் சொல்பவர், ஒரு மாதம் உதவியாளர் வராமல்போனால் கழுத்துக்குக் கீழ் இயங்காத உடலுக்கு என்ன நேரும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இதற்கு மாறாக, பிரிட்டனில் மாற்றுத்திறனாளியின் கூடுதல் செலவுகளுக்குத் தரப்படும் பிஐபி தொகை, அவர் வேலை செய்கிறாரா, எவ்வளவு சேமித்திருக்கிறார் என்பதைப் பார்ப்பதில்லை. வேலைக்கு வேண்டிய கருவிகளுக்கும் உதவியாளருக்கும் மானியம் தரும் 'ஆக்சஸ் டு வொர்க்' திட்டத்துக்குச் சொந்தத் தொழில் செய்பவரும் விண்ணப்பிக்கலாம். குறைகள் அங்கும் இல்லாமலில்லை. ஆனாலும் ஒருவரின் சந்தாதாரர் எண்ணிக்கை உயர்வது அங்கே அதே அளவு அச்சத்தைத் தருவதில்லை.

அமெரிக்காவில் 2014-ல் வந்த ஏபிள் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது. அதன்படி தொடங்கும் சிறப்புக் கணக்கில் 1,00,000 டாலர் வரை இருப்பதை எஸ்எஸ்ஐ கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் 26 வயதுக்கு முன் குறைபாடு ஏற்பட்டவர்கள் மட்டுமே அதைத் தொடங்க முடிந்தது. 20 வயதில் கழுத்தெலும்பு முறிந்தவர் சேமிக்கலாம், 30 வயதில் முறிந்தவர் சேமிக்கக்கூடாது என்ற நிலை பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வயது 46 ஆக உயர்ந்திருக்கிறது. எஸ்எஸ்ஐயின் பொதுவான சேமிப்பு வரம்பைத் தனிநபருக்கு 10,000 டாலராகவும் தம்பதிக்கு 20,000 டாலராகவும் உயர்த்தும் மசோதா 2023-ல் இரு கட்சியினரின் ஆதரவோடு அமெரிக்க காங்கிரஸில் கொண்டுவரப்பட்டது. அந்தக் காங்கிரஸின் காலத்தில் அது நிறைவேறவில்லை.